ஒரே தெய்வங்கள், இடிக்கப்பட்ட ஊர்

பண்டைய கிரேக்கர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அக்கால வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலில் வரும் ஒரு பதிலை யாராவது எடுத்துப் போடுவார்கள். எங்கள் எல்லாருக்கும் ஒரே இரத்தம், ஒரே மொழி, கோயில்களும் பலிகளும் பொது, பழக்கவழக்கமும் ஒன்று என்று ஏதெனியர்கள் ஸ்பார்ட்டாவின் தூதர்களிடம் சொன்னது. நூற்றுக்கணக்கான நகர அரசுகளாகப் பிரிந்து கிடந்தும் பண்பாட்டால் அவர்கள் ஒன்றாகவே இருந்தார்கள் என்பதற்கு இதுதான் சான்றாம். எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல். சொன்னது பொய் என்பதால் அல்ல. எந்த நெருக்கடியில் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டுச் சொல்கிறார்களே, அதனால்.

கி.மு. 480 முடிந்து 479 பிறக்கும் குளிர்காலம். பாரசீகப் படை ஏதென்ஸை எரித்துவிட்டது. எங்களோடு சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்று பாரசீகத் தளபதி மார்டோனியஸ் தூது அனுப்புகிறான். ஏதென்ஸ் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று பதறி ஸ்பார்ட்டாவும் ஆள் அனுப்புகிறது. அவர்களைத் தேற்றச் சொன்ன பதில் அது. சில மாதம் கழித்து, திருவிழாவைக் காரணம் காட்டி ஸ்பார்ட்டா படை அனுப்பாமல் நாள் கடத்தியபோது, அப்படியானால் நாங்கள் பாரசீகத்தோடு போய்விடுவோம் என்று அதே ஏதென்ஸ் மிரட்டியதும் ஹெரோடோட்டஸிலேயே இருக்கிறது.

சரி, கடைசியில் சேர்ந்துதான் நின்றார்கள். பிளாட்டியா என்ற சின்ன ஊரின் வெளியில் பாரசீகப் படையை முறியடித்தார்கள். வெற்றிக்காக, கிரேக்கர் எல்லாருக்கும் பொதுவான புனிதத் தலமான டெல்ஃபியில் வெண்கலப் பாம்புத் தூண் ஒன்று நட்டு, 31 பெயர்களைப் பொறித்தார்கள். ஸ்பார்ட்டாவின் தளபதி பௌசானியஸ் முதலில் தன் பெருமையைத்தான் காணிக்கையில் எழுதிவைத்தான். ஸ்பார்ட்டாவே அதை அழித்துவிட்டு ஊர்களின் பெயரை வெட்டவைத்தது. அதில் பிளாட்டியாவும் உண்டு. இந்த ஊர் சுதந்திரமாக இருக்கும், யாரும் காரணமில்லாமல் இதன்மேல் படையெடுக்கக் கூடாது என்று பிளாட்டியாவின் சந்தைவெளியில் பலி கொடுத்து வாக்குக் கொடுத்தவனும் அதே பௌசானியஸ்தான்.

அப்புறம் என்ன ஆனது? ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டது. பிளாட்டியா ஏதென்ஸ் பக்கம். ஸ்பார்ட்டா முற்றுகை போட்டது. கி.மு. 427இல் பசி தாளாமல் ஊர் சரணடைந்தது. ஸ்பார்ட்டாவிலிருந்து ஐந்து நீதிபதிகள் வந்தார்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லை, ஒரே கேள்விதான்: இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கோ அதன் கூட்டாளிகளுக்கோ ஏதாவது நன்மை செய்தீர்களா?

பிளாட்டியர்கள் மன்றாடியதை இந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் மண்ணில் புதைந்திருக்கும் உங்கள் முன்னோர்களின் கல்லறைகளைப் பாருங்கள், ஆண்டுதோறும் துணியும் நிலத்தின் முதல் விளைச்சலும் படைத்து வருகிறோமே என்கிறார்கள். பொதுத் தெய்வங்களின் பெயரால் கெஞ்சுகிறார்கள். ஒரே இரத்தம், ஒரே தெய்வம் என்ற வாதத்தை இதைவிட நியாயமாக எடுத்துச் சொல்ல முடியாது. நீதிபதிகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டு, இல்லை என்றவர்களைக் கொன்றார்கள். 200 பேருக்குக் குறையாது. பெண்கள் அடிமைகளானார்கள்.

எனக்கு ஆறவே ஆறாதது அதற்கு அடுத்து வருவது. ஊரை அடித்தளம் வரை இடித்தவர்கள், ஹேரா தேவியின் கோயிலை ஒட்டி 200 அடிக்கு 200 அடியில் ஒரு சத்திரம் கட்டினார்கள். பிளாட்டியர் வீடுகளின் கூரை மரமும் கதவுகளும்தான் அதற்குப் போயின. ஊரில் கிடந்த வெண்கலத்தையும் இரும்பையும் உருக்கிக் கட்டில்கள் செய்து ஹேராவுக்குக் காணிக்கை வைத்தார்கள். நூறு அடிக் கற்கோயிலும் எழுப்பினார்கள். பக்தியில் ஒரு குறையும் இல்லை. பொதுப் பண்பாடு கடைசிச் செங்கல் வரை பத்திரமாக இருந்தது. அந்த ஊர் மக்கள்தான் இல்லை.

அப்படியானால் அந்தப் பண்பாட்டுக்கு வலுவே இல்லையா? இருந்தது, பின்னால் ஒரு விதியும் அதை நடத்தப் பொறுப்பான ஆட்களும் இருந்த இடத்தில். ஒலிம்பிக் போட்டி நடந்த ஒலிம்பியாவைப் பாருங்கள். கி.மு. 420இல் போட்டிக்கால அமைதியை மீறிப் படை அனுப்பியதாக, போட்டியை நடத்திய எலிஸ் நகரம் ஸ்பார்ட்டாவுக்கு அபராதம் போட்டது. வீரனுக்கு இரண்டு மினா (அக்காலப் பணக் கணக்கு) வீதம் மொத்தம் 2000 மினா. ஸ்பார்ட்டா கட்ட மறுத்தது. கோயிலிலும் போட்டியிலும் இடமில்லை என்றார்கள். லிகாஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரர், பியோஷியர் (தீப்ஸ் இருந்த வட்டாரத்தார்) பெயரில் ஓடி வென்ற தேர் தன்னுடையது என்று காட்ட மைதானத்துக்குள் போய்த் தேரோட்டிக்கு மாலை சூட்டினார். நடுவர்களின் ஆட்கள் அவரை எல்லார் முன்னாலும் அடித்தார்கள். கிரேக்கத்தின் வலுவான படையை வைத்திருந்த ஸ்பார்ட்டா அன்றைக்குப் பேசாமல் இருந்தது. எலிஸும் வெறும் நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை, காவலுக்குப் படை நிறுத்தியிருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து ஸ்பார்ட்டா எலிஸ்மேல் படையெடுத்துப் பழி தீர்த்ததும் உண்மைதான். ஆனாலும் அந்த இடைவெளி எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிளாட்டியர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

பிளாட்டியாவை இடித்தே ஆக வேண்டும் என்று ஸ்பார்ட்டாவிடம் பிடிவாதமாக நின்றது பக்கத்து ஊரான தீப்ஸ். கி.மு. 335இல் அலெக்ஸாண்டர் தீப்ஸைத் தரைமட்டமாக்கியபோது, அவன் படையோடு சேர்ந்து உள்ளே புகுந்து வெட்டியவர்களில், தப்பிப் பிழைத்த பிளாட்டியர்களின் வழிவந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் தீப்ஸ்காரர்களும் பேசியது ஒரே வட்டார வழக்கு.