டைட்டா இருந்தா சேஃப்டியாம்!

சென்னையில எந்த டயர் கடைக்குப் போனாலும் அதே சத்தம்தான். டர்ர்ர்ர், டக் டக் டக். ஏர் கன்ல வீல் நட்டை ஏத்துறாங்க. நட்டு உக்காந்த பிறகும் விரலை எடுக்கிறதில்லை. கேட்டா, "டைட்டா இருந்தா உங்களுக்குத்தானே சார் சேஃப்டி". இந்த வசனத்தை இனிமே ஒத்துக்கிறதா இல்லை.

நட்டு இறுகும்போது ஸ்டட், அதாவது நட்டு ஏர்ற அந்த போல்ட், துளியூண்டு இழுபடும். திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த விசைதான் சக்கரத்தைப் பிடிச்சு வெக்குது. அளவுக்கு மேல இழுத்தா, நைஞ்சுபோன எலாஸ்டிக் மாதிரி நீண்டது நீண்டபடியே நின்னுடும். பிடியும் போச்சு, மரையும் போச்சு. நம்ம சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85லிருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள்ளதான் கம்பெனி சொல்ற டார்க், அதாவது முறுக்குற விசையோட அளவு. வண்டியோட தர்ற புக்கைப் பாருங்க. அரை இஞ்ச் கன் 400, 500ஐ அசால்ட்டா தாண்டும்.

போன வாரம் ஓஎம்ஆர்ல ராத்திரி பஞ்சர். வீட்டம்மா தனியா வந்துட்டிருந்தாங்க. ஸ்பேனர் மேல ஏறி நின்னும் நட்டு அசையலை. காத்தடிச்சு, உருட்டிக்கிட்டே வந்து, காலையில வழக்கமான கடைக்குப் போனோம். அங்க முனை மழுங்கின நட்டு மேல சின்ன சாக்கெட்டைச் சுத்தியால அடிச்சு இறக்கினாங்க. வழுக்குச்சு. அடுத்து உளி! அலாய் வீல்ல நட்டு உக்கார்ற சரிவான பள்ளமே செதுக்கிப் போச்சு. வெளியே கீறல் விழுந்தா அழகுதான் போகும். அந்தப் பள்ளம் கெட்டா நட்டு சரியா உக்காராது, ஓட ஓட லூஸாகும்.

"பழைய வண்டி சார், கடல் காத்து, துரு"ன்னார் ஓனர். கழட்டின ஸ்டட்டைத் துடைச்சுக் காட்டினேன். துருவே இல்லை, மரை இழுபட்டு நிக்குது. அந்தச் சக்கரத்தைக் கடைசியா மாட்டினதும் இதே கடைதான், டயர் ரொட்டேஷன் பில் கையில இருக்கு.

துரு பிரச்சினையே இல்லைன்னு சொல்ல வரலை. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் நிக்கிற வண்டிகளுக்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல மூழ்கின வண்டிகளுக்கும் அது உண்டு. அதுக்கு டபிள்யூடி-40 மாதிரி துரு இளக்குற ஸ்ப்ரே எதையாவது அடிச்சு ஊறவிட்டு, சக்கரம் தரையில இருக்கும்போதே நீளமான ராடு போட்டு மெதுவா எடுக்கணும். மாட்டும்போது அந்த எண்ணெயைத் துடைச்சுடணும். மரையில வழவழப்பு இருந்தா அதே டார்க்குக்கு ஸ்டட் அதிகமா இழுபடும். "கிரீஸ் தடவி விடவா சார்"னு பாசமா கேட்பாங்க, வேண்டாம்னுடுங்க.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்லை. முதல் சில சுத்து கையால. அப்புறம் எதிரெதிர் நட்டா மாத்தி மாத்தி. கடைசி இறுக்கம், அளவு பார்த்து முறுக்குற டார்க் ரெஞ்ச்ல. ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கே சுமாரான ரெஞ்ச் கிடைக்குது. லட்சக்கணக்குல அலைன்மெண்ட் மெஷின் போட்ட கடைக்கு இதுவா செலவு? 50, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தா திரும்ப ஒரு தடவை செக் பண்ணித் தரணும், அவ்வளவுதான்.

ரிம்முக்குப் பணம் தர முடியாது, வேணும்னா பேலன்சிங் ஃப்ரீன்னாங்க. செதுக்கின ரிம்முக்கு பேலன்சிங் எதுக்கு? போட்டோ, பழைய பில், புது ஜாப் கார்டு எல்லாத்தையும் வெச்சு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் கொடுத்தாச்சு. அதுல முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள போகலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் கிடையாது. உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தா, கழட்டின நட்டையும் ஸ்டட்டையும் கடையில விட்டுட்டு வராதீங்க. கேட்டு வாங்கிட்டு வாங்க.