சிம்பிள் பிரசென்ட் 'இந்த நிமிடத்துக்கு' மட்டும் அல்ல

ஆங்கில இலக்கணத்தில் வரும் சிம்பிள் பிரசென்ட் என்ற நிகழ்கால வடிவம் இந்த நிமிடம் நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்கிறார்கள். அது சரியல்ல. வழக்கமாக நடப்பதையும் எப்போதும் உண்மையாக இருப்பதையும் சொல்லத்தான் அது பெரும்பாலும் வருகிறது.

நம்ம பாம்பன் பக்கத்தையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பார். அப்போதும் அவரைப் பற்றி 'ஹீ கேட்சஸ் ஃபிஷ்' (அவர் மீன் பிடிக்கிறார்) என்று சிம்பிள் பிரசென்ட்டில் சொல்லலாம், அது அவர் தொழில். இப்போது கையில் ஓடும் வேலைக்குத்தான் 'ஹீ இஸ் மெண்டிங் த நெட்' (அவர் வலையைப் பின்னிக்கொண்டிருக்கிறார்) என்ற வேறு வடிவம். பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தேகம் இருந்தால் கேம்பிரிட்ஜ் அகராதி இணையதளத்தின் இலக்கணப் பகுதியில் 'பிரசென்ட் சிம்பிள்' (சிம்பிள் பிரசென்ட்டின் இன்னொரு பெயர்) என்று தேடிப் பாருங்கள், இலவசம்தான்.