ரூனி விதி கல்லூரிகளுக்குக் கிடையாது

“ரூனி விதி இருப்பதால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலிலும் கறுப்பினப் பயிற்சியாளர்களை நேர்காணல் செய்தே ஆக வேண்டும்” என்று சிலர் சொல்வது தவறு. தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கும் முன் சிறுபான்மை இனத்தவரையும் நேர்காண வேண்டும் என்று 2003இல் வந்த அந்த விதி, என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் அணிகளுக்குத்தான். கல்லூரிகளில் ஆளெடுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. அதனால்தான் ஆரெகன் மாநிலம் 2009இல் தன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்று இதே போன்ற தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது.

தடை நேர்காணலுக்கு வெகு முன்பே விழுந்துவிடுகிறது. தலைமைப் பதவிக்குப் பெரும்பாலும், அணியின் தாக்குதலையோ தடுப்பையோ வகுத்து நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களைத்தான் தேடுவார்கள். கறுப்பினத் துணைப் பயிற்சியாளர்களோ பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர் வீரர்களைப் பழக்குவதிலும் பள்ளி மாணவர்களை அணிக்கு இழுத்து வருவதிலுமே அதிகம் நிறுத்தப்படுகிறார்கள். தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கைப் பழக்கும் இடம், ஆட்டத் திட்டம் உருவாகும் இடம், அவர்களுக்கு அரிதாகவே திறக்கிறது. 1932இல் தொடங்கிய எஸ்இசி என்ற கல்லூரி லீக்கின் முதல் கறுப்பின ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளராக சில்வெஸ்டர் க்ரூமை மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் நியமித்ததே 2003 டிசம்பரில்தான்.