அமெரிக்காவில் ‘சும்மா’ ஐபோனா? சுற்றும் தகவல் தவறு

“அமெரிக்காவில் போன் கம்பனிகள் புது ஐபோனைச் சும்மா குடுக்குது, அங்கயிருக்கிற சொந்தக்காரரைக் கொண்டு எடுப்பியுங்கோ” என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

அங்கே போனின் முழு விலையும் வாடிக்கையாளர் கணக்கில் ஏறும். சலுகையை ஒரேயடியாகத் தராமல், 24 அல்லது 36 மாதமாகப் பிரித்து மாத பில்லில் கழிப்பார்கள். 864 டொலர் போன் என்று வையுங்கள்: 36 மாதத்துக்கு மாதம் 24 டொலர் கழியும். ஒரு வருடத்தில் இணைப்பை விட்டால் மிச்சம் 576 டொலரையும் அந்தச் சொந்தக்காரர்தான் கட்ட வேண்டும். பல சலுகைகளுக்குப் பழைய போனைக் கொடுக்கவும் வேண்டும், விலை கூடிய திட்டத்தில் இருக்கவும் வேண்டும். அவருடைய உழைப்பு அது, சும்மா வந்ததல்ல.

அப்புறம் லொக். காசு கட்டி முடியும்வரை பெரும்பாலும் அந்தக் கம்பனி சிம் மட்டுந்தான் வேலை செய்யும். பரந்தனில் எங்கள் சிம்மைப் போட்டால் சிக்னல் வராது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் லொக் இல்லாமல்தான் விற்க வேண்டும். ஆனாலும் தவணை தவணைதான்.

சரி, யாராவது அனுப்பத்தான் போகிறார்கள் என்றால், முழுக் காசு கட்டிய, லொக் இல்லாத போனா என்று முதலில் கேளுங்கள். இங்கே கடையில் வாங்கினாலும் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்குமுள்ள தனி அடையாள எண்) தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, பதிவான போனா என்று சரிபார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.