உழவர் சந்தை மலிவு விவசாயிக்கு நட்டமா?

"உழவர் சந்தையில் காய் மலிவாகக் கிடைப்பதே விவசாயி வயிற்றில் அடித்துத்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தவறு.

விவசாயிகளே நேரடியாக மக்களுக்கு விற்கும் உழவர் சந்தைகளில் முதலாவது 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திறக்கப்பட்டது. அடையாள அட்டை வாங்கிய விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது, தராசும் இலவசம். தினமும் காலையில் பலகையில் எழுதும் விலைக்கு ஒரு கணக்கு உண்டு: மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிச்சில்லறையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு.

சரி, ஓர் உதாரணம். மண்டியில் கத்தரிக்காய் கிலோ 20 ரூபாய், தெருமுனைக் கடையில் 28 என்றால் சந்தையில் 24. விவசாயிக்கு நாலு ரூபாய் கூட, நமக்கு நாலு ரூபாய் மிச்சம். மண்டியில் பிடிக்கும் கமிஷனும் இங்கே இல்லை. இடையில் கைமாறும்போது ஏறும் விலைதான் குறைகிறது.

விவசாயியின் அடையாள அட்டையை வைத்து வியாபாரி கடை போடுகிறார் என்ற புகார் உண்டு; அது வேறு கதை. விவசாயிக்கு உண்மையான செலவு நேரம்தான். மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம். இங்கே இருட்டோடு வந்து, கடைசிக் கத்தரிக்காய் விற்கும்வரை உட்கார வேண்டும்.