நாளுக்கு 20 ரூபாய்

ஆர்டிஓ வேலையெல்லாம் ஆன்லைன் ஆனதால் புரோக்கர்கள் ஒழிந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூருவில் 30 வருஷமாக ஆட்டோ ஓட்டும் எங்கப்பாவிடம் வந்து சொல்லிப் பாருங்கள். லைசென்ஸ் புதுப்பிக்க உட்கார்ந்தோம். ஓடிபி போனது எப்போதோ தொலைந்த நம்பருக்கு. அப்பா கன்னடம் வெளுத்து வாங்குவார், ஆனால் படிக்க வராது. படிப்பு தமிழில் அஞ்சாவதோடு சரி. கடைசியில் ஆபீஸுக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கும் அதே பழைய ஆள்தான் முடித்துக் கொடுத்தார். முன்பு கக்கத்தில் ஃபைல், இப்போது மடியில் லேப்டாப். ரேட்டும் ஏறிவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசு ஆபீஸ் வேலைகளைக் குறித்த கெடுவுக்குள் முடித்துத் தர வேண்டும் என்று கர்நாடகத்தில் 2011-லேயே சகாலா சட்டம் போட்டார்கள். கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய் நஷ்டஈடு, அதிகபட்சம் 500. அதை வாங்க அலைந்தால் ஒரு நாள் சவாரி போச்சு! அதுவும் கெடு ஓட ஆரம்பிப்பதே விண்ணப்பம் உள்ளே போன பிறகுதானே. எங்களுக்கு உள்ளே போவதுதான் பாடு.

வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2019-ல் எடுத்துவிட்டது. நல்லது. அப்படியே படிவம் நிரப்பிக் கொடுக்க ஆபீஸுக்குள் ஒரு ஜன்னலும் திறக்கட்டும். அப்பாவின் கார்டு இன்னும் தபாலில் வரவில்லை.