மூன்று கம்ப்யூட்டர் வைத்தால் ஆயுள் மூன்று மடங்கா?

பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “ஒரே வேலைக்கு மூன்று கம்ப்யூட்டர் வைத்துப் பெரும்பான்மை விடையை எடுத்தால், அமைப்பின் ஆயுள் மூன்று மடங்காகும்.” இது தவறு.

இந்த அமைப்பு ஓட, மூன்றில் குறைந்தது இரண்டு நன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பிழைத்திருக்கும் வாய்ப்பு 90% என்றால், மூன்றும் சேர்ந்து 97.2% தருகின்றன. நல்ல லாபம்தான். ஆனால் நாளாக ஆக அந்த வாய்ப்பு 40% ஆகிவிட்டால்? அமைப்புக்குக் கிடைப்பது 35.2%தான். ஒற்றைக் கம்ப்யூட்டரே மேல்! பழுது விகிதம் மாறாமல் இருந்து, பழுதானதை யாரும் மாற்றாவிட்டால், சராசரி ஆயுள் ஒற்றைக் கம்ப்யூட்டருடையதில் ஆறில் ஐந்து பங்குதான்.

அப்படியென்றால் எதற்கு மூன்று? குறுகிய நேரத்துக்கு மிக உறுதியாக ஓட வேண்டிய இடங்களுக்கு. பழுதானதை உடனே கண்டுபிடித்து மாற்றினால் கணக்கே வேறு. ஆயுளும் பல மடங்கு கூடும். அதனால்தான் பொறியாளர்கள் ‘மூன்றும் நலம்’, ‘ஒன்று பழுது’ என்று நிலைகளாகப் பிரித்து, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும் வாய்ப்பை வைத்துக் கணக்குப் போடும் ‘மார்க்கோவ் மாதிரி’யில் கணக்கிடுகிறார்கள்.

அப்புறம், மூன்றிலும் ஒரே மென்பொருள் பிழை இருந்தால் பெரும்பான்மையே தவறாகிவிடும். அமெரிக்க விண்வெளி ஓடத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள் ஒரே மென்பொருளை ஓட்ட, ஐந்தாவதுக்குத் தனியாக வேறு மென்பொருள் எழுதியது இதற்காகத்தான்.